ஞாயிறும் உயிர்க்கலமும்
(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



சமய வளர்ச்சிக்கென அமைந்த சங்கத்திலே உயிரியல் விஞ்ஞானம் பேசுவது பொருந்துமோ என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சூரியனைப் பற்றியது. தை பிறந்ததும் முற்றத்திலே கோலமிட்டுப் பொங்கல் படைத்து நாம் கைகூப்பித் தொழுகின்ற அதே சூரியன், எமது உடம்பினுள்ளே நாள்தோறும் உண்டாக்கும் ஒரு சேதத்தையும், அச்சேதத்தைக் கடந்து உயிர் தழைப்பதற்கு எமக்குள்ளேயே அமைந்திருக்கும் ஓர் உபாயத்தையும் பற்றியே இன்று சொல்லப்போகிறோம். நாவுலவிலே வாழ்வோருக்கு வெயிலின் கடுமையை எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. மாத்தளையின் குளிர்ச்சி நாலந்தையைத் தாண்டும்போதே விடைபெற்றுக்கொள்கிறது. அப்பாலே தம்புள்ளைப் பக்கத்து உலர்ந்த காற்றுத்தான். வயலிலும் தோட்டத்திலும் தெருவிலும் நடுப்பகல் வெயிலைத் தோளிலே தாங்கி உழைப்பவர்கள் எமது மக்கள்.

உடம்பு எண்ணிறந்த நுண்ணிய கலங்களால் ஆனது என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவார்கள். ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் ஒரு நூல் இருக்கிறது. நூல் என்ற சொல் இங்கே இரு பொருளிலும் பொருந்தும். அது இழையுமாகும், ஏடுமாகும். டீ. என். ஏ. என்று அதனை வழங்குவர். அந்த ஏட்டின் நெடுங்கணக்கிலே நான்கே எழுத்துக்கள். அவை அடினைன், தைமின், குவானின், சைற்றோசின் என்பன. தாய்வழி ஏடொன்றும் தந்தைவழி ஏடொன்றும் ஒவ்வொரு கலத்திலும் உண்டு. ஒவ்வோர் ஏட்டிலும் ஏறக்குறைய முந்நூறு கோடி எழுத்திணைகள் உள்ளன. இணைகள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இழை தனியிழை அன்று. இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்டிருப்பது. ஓரிழையில் அடினைன் இருந்தால் அதற்கெதிரே மற்றையதில் தைமின் இருக்கும். குவானின் இருந்தால் எதிரே சைற்றோசின் இருக்கும். இந்த நியதி ஒருபோதும் மாறுவதில்லை. ஆகவே ஓரிழையைப் பார்த்து மற்றையதை எழுதிவிடலாம்.

இந்த ஏட்டுக்குச் சூரியன் என்ன செய்கிறான்? வெயிலிலே கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர்கள் உள்ளன. அவை தோலிலுள்ள கலத்தின் உள்ளே சென்று இழையிலே படும்போது, பக்கத்துப் பக்கத்திலே இரண்டு தைமின்கள் இருப்பின் அவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகின்றன. ஓலைச் சுவடியிலே இரண்டு எழுத்துக்கள் மைகலந்து ஒன்றாகிவிட்டால் எப்படியிருக்குமோ அப்படியென்று கொள்ளுங்கள். ஒரு நாள் வெயிலில் நின்றவரின் தோற்கலம் ஒவ்வொன்றிலும் இவ்வாறான ஒட்டுக்கள் ஆயிரக்கணக்கில் உண்டாகின்றன.

அங்ஙனமாயின் நாம் எப்படி உயிர் வாழ்கிறோம்? இங்கே ஏட்டுச்சுவடிகளைத் தேடி உழைத்த எமது பெரியோர்களை நினைத்துக்கொள்வது விளக்கத்துக்கு உதவும். சி. வை. தாமோதரம்பிள்ளையும், உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளை எங்ஙனம் பதிப்பித்தார்கள்? ஒரு பிரதியிலே எழுத்துச் சிதைந்திருந்தால் வேறொரு பிரதியைத் தேடி ஒப்புநோக்கித் திருத்தினார்கள். கலமும் அதையே செய்கிறது. ஒட்டிக்கொண்ட எழுத்துள்ள சிறு துண்டை வெட்டி எறிந்துவிட்டு, எதிரிழையைப் பார்த்து அவ்விடத்தைப் புதிதாக எழுதி நிரப்புகிறது. இந்த வெட்டித் திருத்தும் முறையின் நுணுக்கங்களை விளக்கியமைக்காகத் துருக்கியிற் பிறந்த அசீசு சன்சார் என்னும் பேராசிரியர் 2015ஆம் ஆண்டு இரசாயனத்துக்குரிய நோபல் பரிசை வேறிருவரோடு பகிர்ந்துகொண்டார்.

ஆனால் அந்தத் திருத்தம் எப்பொழுதும் காலத்தோடு நடந்து முடிவதில்லை. கலம் இரண்டாகப் பிரியுமுன்னர் தன் ஏடு முழுவதையும் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது முறுக்கிய இரண்டு இழைகளும் பிரிக்கப்படுகின்றன. எங்கே இடர்ப்பாடு என்று கவனியுங்கள். ஒட்டுள்ள இடத்திலே இழைகள் பிரிந்துவிட்டால், ஒப்புநோக்குவதற்கு எதிரிழை அருகில் இல்லை. வெட்டினால் இழையே அறுந்துபோம். படியெடுக்கும் நொதியமோ மிகுந்த ஒழுங்குள்ள எழுத்தாளன். (நொதியம் என்பதைத் தமிழ்நாட்டார் நொதி என்பர், பொருள் ஒன்றுதான்.) தான் எழுதிய எழுத்துத் தவறென்று கண்டால் அதனை அழித்துவிட்டு மீண்டும் எழுதும் இயல்பு அதற்கு உண்டு. அந்த நொதியமும் பின்னால் வரும் திருத்தக்காரரும் சேர்ந்து உழைப்பதனால் நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே பிழை தங்குகிறது. எமது அச்சகத்தாருக்கு இந்தக் கைவந்தால் ஆண்டு மலருக்குப் பிழைதிருத்தப் பட்டியலே வேண்டியிராது! ஆயினும் இத்துணைக் கவனமுள்ள எழுத்தாளன் ஒட்டுப்பட்ட இரண்டு தைமின்களைக் கண்டதும் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடுகிறான். தனக்கு விளங்காததை அவன் எழுதமாட்டான். பதிப்பாசிரியர் புள்ளியிட்டு இடம் விட்டுவிடலாம். கலம் அப்படி விட இயலாது. ஏடு முழுமையாகாவிட்டால் கலம் பிரியாது. இழை அறுந்தால் கலம் இறக்கும்.

அந்த வேளையிலே முன்வருகின்ற வேறோர் எழுத்தாளனே நாம் இன்று பேச வந்த நொதியம். அதற்கு டீ. என். ஏ. பொலிமரேசு ஈற்றா என்று பெயர். ஈற்றா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்து. முதலாமவன் நிறுத்திய இடத்திலே இவன் அமர்ந்து, ஒட்டிக்கொண்ட இரண்டு தைமின்களுக்கும் எதிரே இரண்டு அடினைன்களைச் சரியாக எழுதிவிட்டு, இன்னும் சில எழுத்துக்கள் எழுதியபின் எழுந்து போய்விடுகிறான். முதலாமவன் மீண்டும் வந்து தொடர்கிறான். ஒட்டு அப்படியே இருக்கிறது. அதனைப் பின்னர் ஆறுதலாக வெட்டித் திருத்திக்கொள்ளலாம். ஆகவே இது பழுதுபார்க்கும் நொதியம் அன்று. பழுதைக் கடந்து செல்லும் நொதியம். இவ்வேறுபாட்டைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இதனைக் கண்டுபிடித்த வரலாறு ஒரு நோயிலிருந்து தொடங்குகிறது. 1870ஆம் ஆண்டுகளிலே வியன்னா நகரத்து வைத்தியராகிய மொரித்சு கபோசி என்பார், வெயில் பட்ட இடமெல்லாம் தோல் உலர்ந்து கரும்புள்ளி படர்ந்து இளவயதிலேயே புற்றுநோய் காணும் சிலரைப் பற்றி எழுதினார். அந்நோய்க்குச் சீரோடேர்மா பிக்மன்ரோசம் என்று பெயர் வழங்கலாயிற்று. நிறப்புள்ளி கொண்ட உலர்தோல் என்பதே அதன் பொருள். நோய்க்குக் காரணம் ஏறத்தாழ நூறாண்டு விளங்கவில்லை. 1968ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவில் யேம்சு கிளீவர் என்னும் ஆராய்ச்சியாளர், இந்நோயாளரின் கலங்களிலே மேற்சொன்ன வெட்டித் திருத்தும் வேலை நடைபெறவில்லை என்று காட்டினார். புதிர் அவிழ்ந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணினர். ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலே, அதே நோய்க்குறிகள் இருந்தும் திருத்தும் வேலை செவ்வனே நடக்கும் நோயாளர் சிலர் தென்பட்டனர். இந்நோயாளருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இத்தகையோர். திருத்தம் குறைவில்லை, பின் குறை எங்கே?

1975ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் சசெக்சு சர்வகலாசாலையைச் சேர்ந்த அலன் லேமன் என்பாரும் அவருடன் உழைத்தோரும், இவர்களுடைய கலங்கள் கழியூதாக் கதிர் பட்டபின் ஏட்டைப் படியெடுப்பதிலே தடுமாறுகின்றன என்று காட்டினர். இக்கலங்களுக்குக் கபீன் என்னும் பொருளைச் சேர்த்தால் தடுமாற்றம் மிகுந்து பெருந்தொகையாக இறந்துபோயின. நலமுள்ளவரின் கலங்களுக்கு அத்துணைத் தீங்கு நேரவில்லை. நோயை இனங்காண்பதற்கு இதுவே நெடுங்காலம் சோதனையாயிருந்தது. கபீன் என்பது கோப்பியிலே உள்ள சத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே எமது முன்னோரை மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாக நடத்தி, தம்புள்ளையும் நாவுலவும் நாலந்தையும் கடந்து மாத்தளைக்குக் கொணர்ந்தது அந்தக் கோப்பிதான். நெருப்பாய்க் காயும் வெயிலிலே எத்தனை பேர் அந்த வழியில் வீழ்ந்தார்கள்! அதே கோப்பியின் சத்து, வெயிலைத் தாங்காத கலத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவியாயிற்று என்பதைப் படித்தபோது எமக்கு வியப்பாயிருந்தது. தாய்மார்கள் அஞ்சவேண்டாம். ஆராய்ச்சியிலே சேர்த்த அளவு, கோப்பி குடிப்பதனால் இரத்தத்திற் கலக்கும் அளவைவிடப் பன்மடங்கு கூடியது.

நொதியம் கைக்கு அகப்பட்டது 1999ஆம் ஆண்டில். ஐக்கிய அமெரிக்காவிலே தெக்சாசு மாநிலத்துக் கல்வெசுற்றன் நகரில் சத்திய பிரகாசு, அவருடைய துணைவியார் லூயிசு பிரகாசு, உடனாராய்ச்சியாளர் இராபேட்டு யோன்சன் ஆகியோர் மதுவத்திலே உழைத்துக்கொண்டிருந்தனர். மதுவம் என்பது பாண் மாவைப் பொங்கச் செய்யும் அதே நுண்ணுயிர்தான். அதிலிருந்து ஒரு நொதியத்தைப் பிரித்தெடுத்து, அது ஒட்டிக்கொண்ட தைமின்களைக் கடந்து பிழையின்றி எழுதுகிறது என்று அவர்கள் நிறுவினர். அதே ஆண்டிலே யப்பானில் ஒசாக்காவைச் சேர்ந்த மசுத்தானி, ஹனவோக்கா ஆகியோரின் குழுவினர் மனிதக் கலத்திலிருந்து அதற்கு இணையான நொதியத்தைப் பிரித்து, மேற்சொன்ன நோயாளரிடம் பழுதாயிருப்பது இதுவே என்று வெளிப்படுத்தினர். பிரகாசு தம்பதியரின் குழுவும் சில கிழமைகளுக்குள் அதே முடிபை வெளியிட்டது. சத்திய பிரகாசு என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் என்ற உவகை எழுவது இயல்பே. ஆயினும் எம்மைக் கவர்ந்தது வேறொன்று. மனிதனின் துன்பத்துக்கு விடை காண்பதற்குப் பாண் மதுவத்தைப் பல்லாண்டு விடாமற் கடைந்தார்களே, அந்தப் பொறுமைதான்.

2010ஆம் ஆண்டிலே இந்நொதியத்தின் வடிவத்தையும் கண்டனர். நியூயோர்க்கிலே அனில் அகர்வால் குழுவினர் பிரகாசு தம்பதியரோடு சேர்ந்து மதுவத்தின் நொதியத்தையும், வெய் யாங் என்னும் அம்மையாரின் குழுவினர் மனித நொதியத்தையும் ஆராய்ந்தனர். வழக்கமான நொதியத்தின் உள்வாய் ஒடுங்கியது. ஒரே வேளையில் ஓரெழுத்துக்குத்தான் அங்கே இடமுண்டு. ஈற்றாவின் வாயோ அகன்றது. ஒட்டிய இரண்டும் ஒருங்கே நுழையலாம். அதுமட்டுமன்று. ஒட்டினால் வளைந்துபோன இழையை, முறிவு வைத்தியர் கைக்கு மட்டை வைத்துக் கட்டுவதுபோல, அது நேராக நிறுத்திப் பிடித்துக்கொள்கிறது.

இத்துணைத் திறமையுள்ள நொதியத்தையே முழு வேலைக்கும் வைத்துக்கொண்டால் என்ன என்று ஓர் இளைஞர் கேட்கலாம். அங்கேதான் இதன் குறை இருக்கிறது. அகன்ற வாயினுள் சரியான எழுத்தும் நுழையும், தவறான எழுத்தும் நுழையும். எழுதியதை அழித்துத் திருத்தும் ஆற்றலும் இதற்கில்லை. பழுதற்ற இழையிலே இதனை விட்டால் நூறு எழுத்துக்கோ ஆயிரம் எழுத்துக்கோ ஒரு பிழை என்ற கணக்கில் எழுதிவிடும். ஆகவே கலம் இதனை அவிழ்த்துவிடுவதில்லை; அழைக்கும்போது மட்டும் வரவேண்டும். படியெடுக்கும் நொதியத்தை இழையோடு பிணைத்து வைக்கும் வளையம் ஒன்று உண்டு. வேலை தடைப்பட்டதும் அவ்வளையத்திலே ஒரு சிறு புரதத்தை அடையாளச் சீட்டுப்போல வேறு நொதியங்கள் ஒட்டுகின்றன. அச்சீட்டைக் கண்டே ஈற்றா வந்து அமர்கிறது. வளையத்திலே சீட்டு ஒட்டப்படும் விந்தையைச் செருமனியிலே யென்ச் என்பாரின் குழுவினர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதன் பிழைபடும் இயல்பையும் உடம்பு வீணாக்கவில்லை. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைக் கூர்மையாக்குவதற்கு அவற்றின் பரம்பரையலகிலே வேண்டுமென்றே மாற்றங்கள் செய்யப்படுகின்றன. அங்கே எழுதுவோருள் ஈற்றாவும் ஒன்று. மறுபுறத்தில், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிசுபிளாற்றின் என்னும் மருந்து, நோய்க்கலத்தின் ஏட்டிலே ஒட்டுக்களை உண்டாக்கியே அதனைக் கொல்கிறது. ஈற்றா அந்த ஒட்டுக்களையும் கடந்து எழுதி நோய்க்கலத்தைத் தப்பவிடக்கூடும். காப்பாற்றும் கருவி, யாரைக் காப்பாற்றுகிறோம் என்று பார்ப்பதில்லை.

இனி, நாம் இப்பொருளை இம்மேடைக்குக் கொணர்ந்த காரணத்துக்கு வருவோம். ஈற்றா இல்லாதவரின் கலத்திலே, அதனிலும் கவனமற்ற வேறு நொதியங்கள் அவ்வேலையைச் செய்யப் புகுந்து பிழைகளைக் குவிக்கின்றன. பிழைகள் திரண்டு தோற்புற்று உண்டாகிறது. ஈற்றா பழுதான வகையிலே இது பெரும்பாலும் வாலிப வயதிலோ அதன் பின்னரோ காணும். திருத்தும் வேலையே பழுதான மற்றைய வகைகளிலோ பத்து வயது நிரம்புமுன்னரே காண்பதுண்டு. குழந்தையை ஐந்து நிமிடம் வெயிலில் வைத்தாலே முகம் சிவந்து கொப்பளிப்பதும், வெளிச்சத்தைக் கண்டு கண் கூசிக் கலங்குவதும், இரண்டு வயதுக்குள் முகத்திலும் கையிலும் புள்ளிகள் படர்வதும் இந்நோயின் அறிகுறிகள். ஈற்றா பழுதானவருக்கு வெயிற்புண் தோன்றாமலே புள்ளிகள் மட்டும் படர்வதும் உண்டு. கறுத்த தோல் காக்கும் என்று எண்ணி இருந்துவிடலாகாது. தோலின் நிறம் சிறிது காக்கும். இந்நோயிலே அக்காவல் போதாது.

நோய் அரியதுதான். யப்பானிலே ஏறக்குறைய இருபதினாயிரத்துக்கு ஒருவர் என்பர். மேலைநாடுகளில் அதனிலும் மிகக் குறைவு. ஆனால் அது வந்த வீட்டிலே நடப்பது என்ன? பிள்ளைக்குச் சூரிய தோசம் என்பார்கள். தாய் கருவுற்றிருந்தபோது கிரகணம் பார்த்தாள் என்பார்கள். மாமியார் மருமகளின் குலத்தைப் பேசுவார். தொற்றுநோயென அஞ்சிப் பாடசாலையிலே பக்கத்து வாங்கிலே இருக்கவிடார்கள். இவற்றுள் ஒன்றேனும் உண்மையன்று. நோய் தொற்றாது. தாயின் ஏட்டிலே ஒரு பழுது, தந்தையின் ஏட்டிலே ஒரு பழுது, இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால்தான் நோய் உண்டாகும். ஒன்று மட்டும் உடையவருக்கு நோயில்லை. தம்மிடம் பழுதிருப்பதை அவர் அறியவே மாட்டார். ஆகவே பழி சொல்வதானால் இரு வீட்டாரையும் சரிபாதியாகச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு.

இங்கே பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது எமது மரபு; தாய்மாமனே அக்காள் மகளை மணப்பதும் எம்மவரிற் சிலரிடையே உண்டு. ஒரே பாட்டன் பாட்டியின் ஏட்டுப் பழுது இருவழியாகவும் வந்து ஒரு பிள்ளையிடம் கூடுவதற்கு இம்மணங்கள் வாய்ப்பைக் கூட்டுகின்றன. மச்சானும் மச்சாளும் தமது பரம்பரையலகுகளில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கை. இதனால் முறைமணம் யாவும் தீது என்று நாம் சொல்லவில்லை. எந்தத் தம்பதியருக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் ஏதேனுமொரு பிறவிக் குறையோடு பிறக்கின்றன. மச்சான் மச்சாள் மணத்திலே அத்தொகை இன்னும் இரண்டு மூன்றால் கூடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்திலே இத்தகைய பிள்ளையொன்று ஏற்கெனவே இருக்குமாயின், அதே குடும்பத்துக்குள் மீண்டும் சம்பந்தம் பேசுமுன்னர் வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும் என்பதே எமது கருத்து. சாதகம் பார்க்கும் நாம் இதையும் பார்த்தால் குறைந்துவிட மாட்டோம். பழுதான எழுத்து எதுவென்று ஏட்டை வாசித்தறியும் விரைவான முறையும் இன்று உண்டு. கேம்பிரிட்சிலே அம்முறையை டேவிட் கிளெனெர்மனோடு சேர்ந்து உருவாக்கிய சங்கர் பாலசுப்பிரமணியன் 1966ஆம் ஆண்டிலே சென்னையிற் பிறந்தவர். படியெடுக்கும் நொதியத்தையே எழுதவைத்து, அது எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் ஒளியால் அறிந்துகொள்வதே அவர்கள் கண்ட வழி.

நோயைப் போக்கும் மருந்து இல்லை. காவல் உண்டு; அக்காவல் காலத்தோடு தொடங்கினால் பிள்ளை பல்லாண்டு நலமாக வாழலாம். முழுக்கை உடை, அகன்ற தொப்பி, கண்ணாடி, வெயிற்காப்புப் பூச்சு ஆகியவை வேண்டும். பகல் வேளையிலே வெளியிற் செல்வதைத் தவிர்க்க வேண்டும். யன்னற் கண்ணாடி கழியூதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். வகுப்பறையிலே பிள்ளையை யன்னலோரத்தில் இருத்தலாகாது. வெயில் படாமையால் விற்றமின் டீ குறையும். அதற்கு வைத்தியர் குளிகை தருவார். தோலிலே புதிய கட்டியோ ஆறாத புண்ணோ கண்டால் நாட்கடத்தலாகாது. கண்ணையும் நாக்கின் நுனியையும்கூடப் பார்க்க வேண்டும். கண்டித் தேசிய வைத்தியசாலையிலே தோல்நோய் வைத்திய நிபுணர்கள் உள்ளனர்; கட்டணமில்லை.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எமது சங்கத்தின் பண்ணிசை வகுப்பும் விளையாட்டும் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குகின்றன. வெயிலுக்கு ஒதுங்க வேண்டிய பிள்ளை எவரேனும் இருந்தால் பண்ணிசை வகுப்பை ஆறரை மணிக்கு மாற்றிக்கொள்வதிலே செயலாளருக்குத் தடையிராது என்று நம்புகிறோம். அத்தகைய பிள்ளை உங்கள் அயலிலே இருந்தால் வீட்டாரிடம் சொல்லுங்கள். கண்டிக்குக் கூட்டிச் செல்லத் துணையில்லையென்றால் எம்மிடம் சொல்லுங்கள்.  வினாக்கள் இருப்பின் தலைவர் அவர்களின் அனுமதியோடு கேட்கலாம்.